நெகிழ்வட்டு இல்லாமல் பயாஸைப் புதுப்பிப்பது எப்படி?

பொத்தானை அழுத்தியதும் கணிப்பொறியில் முதலில் விழித்துக்கொள்வது எது? விண்டோஸா, லினக்ஸா? இரண்டும் அல்ல. அவை வன்தட்டில் உறங்குகின்றன. அவற்றை எழுப்புவதற்கென்றே தாய்ப்பலகையில் ஒரு சிறு சில்லு உண்டு. அதில் பதிந்துள்ள நிரலைப் பயாஸ் என்பர். (இன்று அதன் இடத்தில் யூ.இ.எஃப்.ஐ. என்னும் விரிவான நிரல் வந்துவிட்டது. பழக்கத்தால் அதையும் பயாஸ் என்றே அழைக்கிறோம்.)

இதை ஏன் மாற்றவேண்டும்? ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பழைய பயாஸ்கள் பல, வன்தட்டின் பகுதிகளுக்கு 28 பிட் முகவரியே தந்தன. ஒரு பகுதி 512 பைட். 2-இன் 28-ஆம் அடுக்கை 512-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 137 ஜிகாபைட் வரும். அதைவிடப் பெரிய வன்தட்டைப் பொருத்தினால் மீதியிடம் அந்தப் பயாஸுக்குத் தெரியாது! 48 பிட் முகவரி அறிந்த புதிய பயாஸைப் பதித்தால் தெரியும். புதிய செயலியை அடையாளம் காணவும், பாதுகாப்புக் குறைகளை நீக்கவும்கூட இப்படிப் புதுப்பிப்பது உண்டு.

1990-களில் இவ்வேலைக்கு நெகிழ்வட்டுதான் கருவி. டாஸ் இயக்கத்தையும் பயாஸ் கோப்பையும் 1.44 மெகாபைட் வட்டில் அடக்கிவிடலாம். இன்றைய பயாஸ் கோப்போ பெரும்பாலும் 16 அல்லது 32 மெகாபைட். வட்டு இருந்தாலும் பயனில்லை. 2011 செப்டம்பர் 15 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் நெகிழ்வட்டு இயக்கியே கிடையாது.

இப்போது பென்டிரைவ் போதும். தாய்ப்பலகையின் மேலேயே மாதிரி எண் அச்சிட்டிருக்கும். பக்கத்தில் திருத்த எண்ணும் இருக்கும். இரண்டும் பொருந்தும் கோப்பை, தயாரித்த நிறுவனத்தின் தளத்திலிருந்து மட்டுமே இறக்குங்கள். பென்டிரைவை ஃபேட்32 முறையில் வடிவமைத்து, கோப்பை விரித்து அதில் இடுங்கள். கணிப்பொறியை மீண்டும் இயக்கி டெலீட் அல்லது எஃப்2 விசையை அழுத்தினால் பயாஸின் பட்டியல் தோன்றும். பல பலகைகளில் புதுப்பிக்கும் கருவி அதற்குள்ளேயே இருக்கிறது. ஆசுஸ் அதை ஈஸி ஃபிளாஷ் என்றும், கிகாபைட் கியூ ஃபிளாஷ் என்றும் அழைக்கின்றன. அத்தகைய கருவி இல்லாத பழைய பலகையாயின், ஃப்ரீடாஸ் என்னும் இலவச டாஸைப் பென்டிரைவில் ஏற்றி, அதிலிருந்து கணிப்பொறியைத் துவக்கிப் பழைய முறையிலேயே செய்யலாம். பென்டிரைவிலிருந்து துவங்கத் தெரியாத பலகைக்குக் குறுந்தகடு உண்டு. நெகிழ்வட்டின் பிம்பத்தைக் குறுந்தகட்டில் பதித்தால், கணிப்பொறி அதை நெகிழ்வட்டு என்றே நம்பிவிடும்!

அபாயம் எங்கே? சில்லில் உள்ளது ஃபிளாஷ் நினைவகம். அதில் பழையதன் மேலேயே புதியதை எழுத முடியாது. முதலில் தொகுதி தொகுதியாக அழிக்கவேண்டும், பிறகே எழுதலாம். தஞ்சைப் பகுதி மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். குறுவைத் தாளை மடக்கி உழுதாகிவிட்டது, தாளடி இன்னும் நடவில்லை. அந்நேரம் வாய்க்காலில் தண்ணீர் நின்றால் வயலில் பழைய பயிரும் இல்லை, புதுப் பயிரும் இல்லை. அழித்தபின் எழுதுமுன் மின்சாரம் போனாலும் அதே கதிதான். கணிப்பொறியை எழுப்ப ஆளில்லை. 1999 ஏப்ரல் 26 அன்று சி.ஐ.எச். என்னும் நச்சுநிரல் பல நாடுகளில் இதையே வேண்டுமென்று செய்தது. சில்லில் குப்பையை எழுதிப் பல கணிப்பொறிகளை முடக்கியது.

ஆகவே, மேசைக் கணிப்பொறியாயின் யு.பி.எஸ். இல்லாமல் தொடவேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இடி மின்னல் வேளை அறவே கூடாது. 2018 நவம்பர் 16-இல் கஜா புயல் டெல்டாவின் மின்கம்பங்களைச் சாய்த்ததை மறந்திருக்கமாட்டீர்கள். மடிக்கணினிக்கு மின்கலமே காவல். மின்கலம் போதிய அளவு நிரம்பாமலோ மின்னிணைப்பு இல்லாமலோ இருந்தால் பல மடிக்கணினிகள் புதுப்பிக்க மறுத்துவிடும். அந்த மறுப்பைக் கண்டு எரிச்சல்படாதீர்கள்.

அப்படியும் தவறிவிட்டால்? சில பலகைகளில் இரண்டு பயாஸ் சில்லுகள் உண்டு. ஒன்று கெட்டால் மற்றது எழுப்பும். சிலவற்றின் பின்புறம் தனிப் பொத்தானே இருக்கிறது. பென்டிரைவைச் செருகி அதை அழுத்தினால், செயலி இல்லாமலேகூடப் பயாஸ் பதிந்துவிடும். இரண்டும் இல்லையெனில் பழுதுநீக்குபவரிடம்தான் போகவேண்டும். எட்டுக் கால் சில்லின் மேல் கவ்வியை மாட்டி, வேறொரு கணிப்பொறியிலிருந்து அவர் எழுதித் தருவார்.