வரலாற்று அகராதிகளும் கணிப்பொறியும்

சொல்லின் இன்றைய பொருளைக் கூறுவது சாதாரண அகராதி. அச்சொல் எந்த ஆண்டில் முதன்முதலாக வழங்கியது, அதன் பொருள் எவ்வாறு மாறியது என்பவற்றை ஆண்டு குறித்த மேற்கோள்களுடன் நிறுவுவது வரலாற்று அகராதி. மொழி வளர்ந்துகொண்டே இருப்பதால், இத்தகைய அகராதி முற்றுப்பெறும் நாளிலேயே பழமையடையத் தொடங்குகிறது. இக்குறையை நீக்குவதில் கணிப்பொறியின் பங்கு யாது? ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் அனுபவம் இதற்குத் தக்க சான்றாகும்.

அதன் முதற்பகுதி 1884இல் வெளிவந்தது. பணி முடிவுற்றது 1928இல். பின்னர், 1972 முதல் 1986 வரை நான்கு துணைத் தொகுதிகள் வெளியாயின. இதனால் ஒரே சொல்லை இரண்டு இடங்களில் தேட வேண்டியதாயிற்று.

இவற்றை ஒன்றிணைக்கும் திட்டம் 1984இல் தொடங்கிற்று. 120க்கும் மேற்பட்ட தட்டச்சாளர்கள் சுமார் 35 கோடி எழுத்துக்குறிகளைப் பதிவு செய்தனர். 55 பேர் பிழை திருத்தினர். பதிவு செய்வது மட்டும் போதாது. தலைச்சொல், ஒலிப்பு, சொற்பிறப்பு, பொருள், மேற்கோளின் ஆண்டு ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அடையாளக் குறி இடப்பட்டது. பழைய பதிவும் புதிய பதிவும் உரிய இடத்தில் இணைவதற்கு இக்குறிகளே அடிப்படை. இரண்டாம் பதிப்பு 1989இல் 20 தொகுதிகளாக வெளிவந்தது. பழைய ஒலிப்புக் குறியீடுகளுக்குப் பதிலாகப் பன்னாட்டு ஒலிக் குறியீடுகள் ஒரே சீராக அமைந்தன.

ஆயினும், கணிப்பொறி இணைத்ததேயன்றி ஆராயவில்லை. 'கம்ப்யூட்டர்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். முதலில் அது கணக்கிடும் மனிதரைக் குறித்தது. அதன் முதல் வழக்கு 1646 என்றே இரண்டாம் பதிப்பிலும் இருந்தது. பின்னர் அறிஞர்கள் பழைய நூல்களை மீண்டும் ஆய்ந்து, 1613ஆம் ஆண்டின் சான்றைக் கண்டனர். இவ்வாறு திருத்தப்பட்ட பதிவுகள் 2000 முதல் இணையத்தில் படிப்படியாக வெளியிடப்பட்டு வருகின்றன.

நம் நாட்டிற்கும் இதில் பாடம் உண்டு. புணே டெக்கான் கல்லூரியில் 1948இல் தொடங்கிய சமஸ்கிருத வரலாற்று அகராதிப் பணி, சுமார் 1,500 நூல்களிலிருந்து எடுத்த ஒரு கோடி அளவிலான சொற்சீட்டுகளை அடித்தளமாகக் கொண்டது. அதன் முதற்பகுதி 1976இல் வெளிவந்தது. இத்தகைய செல்வத்தைக் கணிப்பொறியில் ஏற்றுவது அழிவிலிருந்து காக்கும், தேடலை எளிதாக்கும். ஆனால், ஒரு சீட்டு எப்பொருளுக்குரியது எனத் தீர்மானிப்பவர் அறிஞரே. எனவே, இயந்திரத்திற்கு நிதி ஒதுக்கும்போதே பயிற்சி பெற்ற ஆசிரியர் குழுவிற்கும் நிலையான நிதி ஒதுக்குதல் இன்றியமையாததாகும்.