மணமுள்ள கொடிமுந்திரிகை: கெவுர்ஸ்திராமினர் இனத்தை அறிதல்

கொடிமுந்திரிகை இனங்கள் மிகப் பல. உண்பதற்கு ஏற்றவை சில. உலர்த்துவதற்கு ஏற்றவை சில. வைன் தயாரிப்பதற்கு ஏற்றவை சில. வெள்ளை வைன் தரும் இனங்களுள் மணத்தாற் பெயர்பெற்றது கெவுர்ஸ்திராமினர். ஓர் இனத்தை எவ்வாறு அறிதல் வேண்டும் என்பதற்கு இது நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.

பெயரும் இடமும்

வட இத்தாலியின் மலைநாட்டிலுள்ள திராமின் என்னும் ஊரின் பெயரே இதற்கு வழங்குகின்றது. "கெவுர்ஸ்" என்பது ஜேர்மன் மொழியில் வாசனைச் சரக்கைக் குறிக்கும். பிரான்சின் கிழக்கெல்லையிலுள்ள அல்சாசுப் பிரதேசத்தில் இவ்வினம் பெரும் புகழ் பெற்றுள்ளது. அங்கு மேற்கேயுள்ள வோசு மலைகள் மழையைத் தடுக்கின்றன. பழம் முற்றும் இலையுதிர் காலத்தில் இரவுகள் குளிர்ந்திருக்கும்.

அடையாளம்

குலை சிறியது, பழம் சிறியது, தோல் தடித்தது. முற்றிய பழத்தின் தோல் இளஞ்சிவப்பானது. ஆயினும் நிறம் தோலில் மட்டுமே உண்டு. பழத்தைப் பிழிந்து, தோலை நீக்கிச் சாற்றை நொதிக்கவிடுவதால் வெள்ளை வைன் கிடைக்கின்றது. அதன் மணம் ரோசாப்பூவையும் லைச்சிப் பழத்தையும் ஒத்தது.

பயிரிடுவோர்க்குள்ள இடர்கள்

1. இக்கொடி வசந்த காலத்தில் ஏனைய பல இனங்களுக்கு முன்னரே துளிர்க்கும். அதன்பின் ஓரிரவு கடும் உறைபனி விழுந்தால் இளந்தளிர் கருகும். பூங்குலை அத்தளிரிலேயே உள்ளமையால் அவ்வாண்டின் விளைவு பெரிதும் குறையும்.

2. பழம் முற்றும்போது சர்க்கரை கூடும். புளிப்போ விரைந்து குறையும். முந்திப் பறித்தால் மணம் நிறையாது. பிந்திப் பறித்தால் வைன் சாரமற்றுச் சப்பென்றிருக்கும். ஆகவே பழத்தைச் சுவைத்தும், சாற்றின் சர்க்கரையையும் புளிப்பையும் அளந்தும் அறுவடை நாளைத் தீர்மானிக்கின்றனர்.

நாம் கொள்ளவேண்டிய பாடம்

அல்சாசு வட அகலக்கோடு 48 பாகையளவில் உள்ளது. யாழ்ப்பாணம் 10 பாகைக்குஞ் சற்றுக் குறைவு. யாழ்ப்பாணத்துப் பந்தர்களிற் கொடியை உறங்கவைக்கும் மாரிக்குளிர் இல்லை. கத்தரித்தலே அதற்கு ஈடாகிப் புதுத் துளிரையும் பூவையும் எழுப்புகின்றது. கெவுர்ஸ்திராமினரின் புளிப்பைக் காப்பது குளிர்ந்த இரவு. வெப்பமான இரவுகளிற் புளிப்பு மேலும் விரைவாகக் குறைந்துவிடும். மணம் நிறையும்வரை காத்திருத்தல் இயலாது. கொடி தழைத்து வளர்ந்தாலும், எதற்காக நட்டோமோ அது கிடையாது.

நெல்லினம் பொருந்தாவிடின் அடுத்த போகத்தில் மாற்றலாம். கொடிமுந்திரிகையோ பல்லாண்டுப் பயிர். பந்தருக்கும் நீருக்கும் செலவிட்டுச் சில ஆண்டுகள் காத்திருந்தபின் தவற்றை அறிந்து பயனில்லை.

ஆகவே எப்புதிய இனத்தையும் நடுமுன் பின்வருவனவற்றைக் கேட்டறிதல் வேண்டும்: அது எந்தக் காலநிலைக்குரியது? எப்போது துளிர்க்கும்? எப்போது முற்றும்? எப்பயனுக்கு உரியது? விடை நம் நிலத்தோடு பொருந்தினால் மட்டுமே வெட்டுத்துண்டுகளைப் பெற்று நடுக. மணத்தின் புகழைக் கேட்டு மட்டும் இனத்தைத் தெரிதல் ஆகாது.