கிளாக்கர் ஒருவரை வைக்குமுன்

"கணக்கு எழுத ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டால் என்ன?"

டிக்கோயாப் பக்கத்து மரக்கறிக் குழுக்களின் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. மண்சரிவில் வீட்டையும் தோட்டத்தையும் இழந்து, வேறிடத்தில் மீண்டும் கரட்டும் லீக்சும் போட்டு, ஒன்றாகச் சேர்ந்து விற்கத் தொடங்கியிருக்கும் குடும்பங்கள் கேட்பதில் நியாயம் உண்டு. பகல் முழுவதும் மண்வெட்டி பிடித்த கை இரவில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தைத் தொடப் பின்வாங்கத்தான் செய்யும். ஆனால் "மாதம் 30,000 ரூபாதானே" என்று முடிவெடுக்குமுன் ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

அந்த 30,000 நாம் பேரம் பேசிக் குறைக்கக்கூடிய தொகையல்ல. 2026 ஜனவரி முதல் நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் அதுவே. அதற்குமேல், ஈ.பி.எப். என்று நாம் சொல்லும் ஊழியர் சேமலாப நிதிக்கு வேலைகொடுப்பவர் 12 வீதம், அதாவது 3,600 ரூபா கட்டவேண்டும். ஈ.ரி.எப். நிதிக்கு 3 வீதம், 900 ரூபா. ஆக மாதம் 34,500. ஊழியரின் பங்கான 8 வீதத்தை, 2,400 ரூபாவை, அவருடைய சம்பளத்தில் கழித்துக் கட்டவேண்டும். சம்பள நாளில் கழிக்க மறந்தால் அதுவும் நம் தலையில்தான். ஈ.பி.எப். பணத்தை அடுத்த மாத முடிவுக்குள் கட்டாவிட்டால் 5 வீதத்தில் தொடங்கும் மேலதிகக் கட்டணம் 50 வீதம்வரை ஏறும்.

விற்கும் ஒவ்வொரு கிலோவிலும் 5 ரூபாவைக் குழு எடுத்துக்கொள்வதாக வைப்போம். இந்த 34,500 ரூபாவைத் தேட மாதம் 6,900 கிலோ விற்கவேண்டும். அதன்பிறகுதான் லொறிக்கும் சாக்குக்கும் காசு.

இன்னும் இருக்கிறது. கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி ஆண்டுக்கு 14 நாள் வருட விடுமுறையும் 7 நாள் சமயோசித விடுமுறையும் சம்பளத்துடன் கொடுக்கவேண்டும். மகப்பேற்றுக்கு 84 நாள். (இதற்காகப் பெண்பிள்ளை வேண்டாம் என்று யாரும் சொல்லவேண்டாம்.) நாம் துணைநின்ற குழு ஒன்று முதல் மாதத்திலேயே மேசை, கதிரை, இரும்பு அலுமாரி வாங்கியது. அலுமாரிக்குள் வைக்க ஒரே ஒரு கொப்பிதான் இருந்தது! வந்தவருக்கு வேலை பழக்க, தலைவர் தம் தோட்ட வேலையை விட்டு எத்தனை நாள் உட்கார்ந்தார் என்பதை அந்தக் கொப்பியிலும் யாரும் எழுதவில்லை.

"பெயர் பதியாமல் நாட்சம்பளத்துக்கு வைத்துக்கொள்வோமே" என்றும் சிலர் சொல்கிறார்கள். 1958-ஆம் ஆண்டின் சேமலாப நிதிச் சட்டம் தற்காலிக ஊழியருக்கும் முதல் நாளிலிருந்தே உரியது. சட்டம் இருக்கட்டும். ஆயுள் முழுவதும் கொழுந்து பறித்து, ஓய்வுபெறும்போது தம் பெயரில் பணம் ஒழுங்காகக் கட்டப்படவில்லை என்று அறிந்து, தொழில் காரியாலயத்துக்கு நடையாய் நடந்த தாய்மாரை நாம் அறிவோம். அவர்களின் பேத்தியல்லவா இன்று நம்மிடம் வேலை கேட்டு வருவாள்?

வேலை உண்மையில் எவ்வளவு என்று முதலில் பார்க்கவேண்டும். அன்றாட நிறையையும் விலையையும் இரண்டு அங்கத்தவர்கள் முறைவைத்து எழுதலாம். வணிகம் படித்த ஒருவர் மாதத்தில் நாலு நாள் வந்து கணக்கை முடித்துத் தரலாம். அவரைச் சம்பளத்துக்கு வைத்தால் அந்தச் சிறு சம்பளத்துக்கும் ஈ.பி.எப். உண்டு. ஆனால் குழுவால் அதைத் தாங்கமுடியும்.

அடுத்த கூட்டத்துக்குக் கடந்த மூன்று மாத விற்பனைச் சீட்டுகளை எல்லோரும் கொண்டுவாருங்கள். கிலோக்களைக் கூட்டி மூன்றால் வகுத்து, 6,900-ஐத் தொடுகிறதா என்று பார்ப்போம். தொட்டால் ஆள் தேடுவதைப்பற்றிப் பேசலாம்.