பஃப் அடித்தால் பழகிவிடுமாம்!

"பஃப் பிடித்தால் சாகும்வரை விடமுடியாது, நுரையீரல் அதற்கு அடிமையாகிவிடும்" என்ற பேச்சு பென்னாகரத்திலிருந்து அரூர் வரை ஓய்ந்தபாடில்லை. இதை நம்பி, வீசிங் உள்ள பிள்ளையின் இன்ஹேலரைப் பூட்டிவைத்துவிட்டு மாத்திரையைக் கரைத்து ஊற்றுகிறார்கள். சால்பியூட்டமால் பஃப் ஒன்றில் இருப்பது 100 மைக்ரோகிராம். மாத்திரையில் 2 அல்லது 4 மில்லிகிராம். இருபது, நாற்பது மடங்கு மருந்து ரத்தமெல்லாம் சுற்றி, நெஞ்சைப் படபடக்கவைத்து, கையை நடுங்கவைத்துவிட்டுத்தான் மூச்சுக்குழாய்க்கு வந்து சேர்கிறது. எதற்குப் பயந்து எதை விழுங்குகிறோம்?

விடாமல் பிடித்திருப்பது நோய்தான், மருந்தல்ல. ஆய்வகச் சுண்டெலிகளில் இது தெளிவாகத் தெரியும். அவற்றுக்கு இயல்பில் ஆஸ்துமா வருவதில்லை. முட்டை வெண்கருப் புரதத்தை ஊசியில் ஏற்றி, பிறகு அதையே சுவாசிக்கவைத்து வரவழைக்கிறார்கள். அப்போது நோயெதிர்ப்பு டி செல்கள் அனுப்பும் சமிக்ஞைகளில் இன்டர்லூக்கின்-4 ஐஜிஇ எதிர்ப்பொருளைத் தூண்டும், இன்டர்லூக்கின்-5 ஈசினோஃபில் வெள்ளணுக்களைத் திரட்டும், இன்டர்லூக்கின்-13 சளியைப் பெருக்கி மூச்சுக்குழாயை எளிதில் சுருங்கவைக்கும். 1998 டிசம்பரில் 'சயின்ஸ்' இதழில் வந்த இரு ஆய்வுகளின்படி, ஒவ்வாமையே இல்லாத சுண்டெலிக்கும் இன்டர்லூக்கின்-13ஐ மட்டும் கொடுத்தால் இந்த மாற்றங்கள் வந்துவிடுகின்றன. தடுப்பு இன்ஹேலரிலுள்ள ஸ்டீராய்டு இத்தகைய சமிக்ஞைகள் உருவாவதையே அடக்குகிறது. ஒவ்வாப்பொருள் தொடர, மருந்து மட்டும் நின்றால் அழற்சி திரும்பத்தான் செய்யும். மழையில் குடையை மடக்கியவர் நனைந்தால், அவர் குடைக்கு அடிமை என்போமா?

எலிக்குச் சரி, மனிதனுக்கு? நியாயமான கேள்வி. இன்டர்லூக்கின்-13ஐ மட்டும் தடுக்கும் லெப்ரிகிசுமாப், 2016இல் வெளியான பெரிய சோதனைகளில் எதிர்பார்த்த பலனைச் சீராகத் தரவில்லை. ஆனால் ஸ்டீராய்டு இன்ஹேலர் எலியை மட்டும் நம்பி நிற்கவில்லை. 1970களிலிருந்து மனிதர்களிடம் சோதித்து, பயன்படுத்தி வருகிறோம். குழந்தைகளின் உயரம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறையலாம். வாய் கொப்பளிக்காவிட்டால் வாயில் பூஞ்சை வரலாம். மூச்சு நின்றுபோவதோடு இவற்றை ஒப்பிட முடியுமா? வதந்தியில் உண்மை ஒரு துளி உண்டு: உடனடி நிவாரணம் தரும் நீல பஃப்பை (சால்பியூட்டமால்) மட்டும் நாளெல்லாம் அடிப்பது ஆபத்து. ஆஸ்துமாவுக்கான உலகளாவிய வழிகாட்டுதல் குழுவான 'ஜினா'வும் 2019இலிருந்து பெரியவர்களுக்கும் பதின்வயதினருக்கும் அதைத் தனியாகப் பரிந்துரைப்பதில்லை. விந்தை என்னவென்றால், வதந்திக்கு அஞ்சுகிற வேறு சிலர் தவிர்ப்பது தடுப்பு மருந்தான ஸ்டீராய்டை. கைவிடாதது அந்த நீலத்தை.

ஊரில் உலவும் மற்ற நம்பிக்கைகளும் இப்படித்தான். வாழைப்பழமும் தயிரும் எல்லோருக்கும் இழுப்பைக் கொண்டுவராது. ஹைதராபாத்தில் உயிர்மீனோடு விழுங்கத் தரும் 'மீன் மருந்து' ஆஸ்துமாவைக் குணப்படுத்தும் என்பதற்கு ஆதாரமில்லை.

கவலைப்பட வேண்டியது வேறு இடத்தில் இருக்கிறது. பட்டுக்கூடு அங்காடி உள்ள தருமபுரி மாவட்டம் இது. பட்டு அந்துப்பூச்சியின் செதில்தூள் ஆஸ்துமாவைத் தூண்டும் என்பது மருத்துவ உலகம் அறிந்தது. பட்டுப்புழு முட்டைத் தயாரிப்பிலும் பட்டு நூற்பிலும் வேலை செய்பவர்களுக்கு முகக்கவசமும், கூடத்துக்குக் காற்றுப்போக்கியும் கட்டாயமாக வேண்டும். மகசூலைப் பற்றி மணிக்கணக்கில் நடக்கும் பட்டு வளர்ப்புப் பயிற்சியில் மூச்சைப் பற்றியும் பேசட்டும். அந்த வேலைக்குப் போன பிறகு இழுப்பு வந்தவர், விடுமுறை நாளில் மூச்சு சீராகிறதா என்று கவனித்து, மருத்துவரிடம் வேலையின் விவரத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டும்.