பழைய காருக்குப் புதுச் சாயம்: நிறத்துக்கு அடியில் என்ன இருக்கிறது?

மாணவர்களே, உங்கள் மாமா ஒரு பழைய புரோட்டோன் சாகா காரை வாங்கி, விடுமுறை நாள்களில் அதைப் புதுப்பித்து வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். 1985 ஜூலை 9-ஆம் நாள் அறிமுகமான நம் முதல் தேசியக் கார் அது. இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. இனி சாயம் பூச வேண்டும். ஒரு பட்டறைக்காரர், “மூன்று நாளில் முடித்துத் தருகிறேன்” என்கிறார். இன்னொருவர் மூன்று வாரம் கேட்கிறார், கூலியும் அதிகம். இருவரும் பூசப்போவது அதே சிவப்பு நிறம்தான். காரை யாரிடம் கொடுப்பீர்கள்?

விடை சொல்வதற்கு முன், அந்த நிறத்துக்கு அடியில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

இரண்டு முடியளவு கவசம்

தொழிற்சாலையில் காருக்குப் பூசப்படும் எல்லா அடுக்குகளையும் சேர்த்தாலும் தடிப்பு சுமார் 100 முதல் 150 மைக்ரோமீட்டர்தான். தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். ஆக, வெயிலையும் மழையையும் தாங்கி நிற்பது இரண்டு முடியளவு கவசமே!

அதிலும் நிறம் தரும் அடுக்கு மிக மெல்லியது. அதற்குக் கீழே உள்ள அடிப்பூச்சு, உலோகத்தைப் பற்றிக்கொண்டு ஈரத்தைத் தடுக்கிறது. மேலே உள்ள நிறமற்ற பூச்சு, புற ஊதாக் கதிரையும் கீறலையும் தாங்குகிறது.

துரு சும்மா இருக்காது

படிவம் 5 வேதியியலில் ரெடோக்ஸ் பாடம் படித்தவர்களுக்கு இது தெரிந்திருக்கும். இரும்பு எலக்ட்ரான்களை இழக்கிறது; ஆக்சிஜன், நீரின் துணையோடு அவற்றைப் பெறுகிறது. முடிவில் உண்டாவது துரு. துருவுக்கு, அது உருவாகக் காரணமான இரும்பைவிட அதிக இடம் தேவை. எனவே அது சாயத்தை அடியிலிருந்து மேலே தள்ளுகிறது. காரின் மேல் நாம் காணும் கொப்புளங்கள் இப்படித்தான் வருகின்றன.

மூன்று நாள் வேலையில், துருவின் மேலேயே புட்டியை அப்பித் தேய்த்து, நிறம் அடித்துவிடக்கூடும். புட்டி ஈரத்தை உறிஞ்சும் தன்மை உடையது. உள்ளே சிக்கிய துரு தன் வேலையைத் தொடரும். சில மாதங்களில் கொப்புளம் கிளம்பும்.

மூன்று வாரம் கேட்டவரோ, துருப்பிடித்த தகட்டை வெட்டி எடுத்துப் புதிய தகட்டைப் பற்றவைப்பார். ஈரம் புகாத எப்பாக்சி அடிப்பூச்சு பூசுவார். பிறகு உப்புத்தாளால் தேய்ப்பார். அதனால் உண்டாகும் நுண்ணிய கீறல்களில்தான் அடுத்த அடுக்கு பிடித்துக்கொள்கிறது. மெருகுப் பசையிலிருக்கும் சிலிக்கோன் கொஞ்சம் ஒட்டியிருந்தாலும், பரப்பு இழுவிசை வேறுபாட்டால் சாயம் அந்த இடத்தைவிட்டு விலகிச் சிறு குழிகள் விழும். ஆகவே பூசுவதற்கு முன் எண்ணெய்ப் பிசுக்கு முழுவதையும் துடைத்தெடுப்பார்.

சூளைக்குப் பதில் வேதிவினை

தொழிற்சாலையில் வெறும் உலோகக் கூட்டுக்குத்தான் சாயம் பூசுவார்கள். அதை ஏறத்தாழ 140 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சூடாக்கி இறுக வைப்பார்கள். மாமாவின் காரிலோ இரப்பர், நெகிழி, மின்கம்பிகள் எல்லாம் இருக்கின்றன. அந்தச் சூட்டை அவை தாங்கா.

எனவே பட்டறையில் மேற்பூச்சுடன் ஹார்டனர் கலக்கிறார்கள். அதிலுள்ள ஐசோசயனேட், பூச்சிலுள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளோடு இணைந்து, பாலியூரித்தேன் என்னும் வலைபோன்ற பாலிமரை உருவாக்குகிறது. இதற்குச் சுமார் 60 பாகை செல்சியஸ் போதும்.

ஆனால் ஐசோசயனேட் நீரோடும் வினைபுரிந்து கார்பன் டைஆக்சைடை வெளியிடும். நம் நாட்டில் மழை பெய்யும் மாலையில், திறந்த வெளியில் பூசினால் பூச்சு கெட்டுப்போக வாய்ப்பு அதிகம். நல்ல பட்டறையில் வடிகட்டிய காற்றோட்டமுள்ள தனி அறை இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பூசுபவரின் மூச்சு

இன்னொரு முக்கியக் காரணமும் உண்டு. ஐசோசயனேட் துளிகளைச் சுவாசிப்பதால் ஆஸ்துமா வரலாம். வாகனச் சாயம் பூசும் தொழிலாளர்களிடம் இது நன்கு அறியப்பட்ட தொழில்சார் நோய். ஒருவரின் உடல் அதற்கு ஒவ்வாமை கொண்டுவிட்டால், பிறகு மிகச் சிறிய அளவே மூச்சுத்திணறலைத் தூண்டும். ஆபத்தான அளவிலும் அதன் வாடை தெரியாமல் போகலாம். சாதாரணத் தூசிக் கவசம் போதாது. வெளியிலிருந்து தூய காற்றைக் குழாய்வழி தரும் முகக்கவசம் வேண்டும். வீட்டு வாசலில் நாமே பூசிப் பார்க்கலாம் என்று ஒருபோதும் இறங்காதீர்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம். நாள் கணக்கை மட்டும் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். “துருவை என்ன செய்வீர்கள்? அடிப்பூச்சு எது? பூசுபவர் எந்தக் கவசம் அணிவார்?” என்று மாமாவைக் கேட்கச் சொல்லுங்கள். தெளிவாகப் பதில் சொல்பவரிடம் காரைக் கொடுக்கலாம்.

செய்து பாருங்கள்

ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றுங்கள். உரிமையாளரின் அனுமதியோடு, பழைய கார் ஒன்றின் கதவின் மேல் மெதுவாக நகர்த்துங்கள். ஓர் இடத்தில் மட்டும் பிடி தளர்ந்தால், அங்கே சாயத்துக்கு அடியில் புட்டி தடிப்பாக இருக்கக்கூடும். காந்தப் புலம் தூரத்தோடு குறைவதே காரணம். நெகிழியாலான முட்டுத்தாங்கியில் காந்தம் ஒட்டவே ஒட்டாது. ஏன் என்று உங்கள் குறிப்பேட்டில் எழுதுங்கள்.