கார்த்திக்கும் பார்த்திவும்: இரண்டு கிரிக்கெட் கெரியரை ஒப்பிடுவது எப்படி?

ஹாஸ்டலில் நடக்கிற கிரிக்கெட் சண்டையில் பாதி ஒப்பீட்டுச் சண்டைதான். சச்சினா கோலியா, அஸ்வினா ஹர்பஜனா என்று ஆரம்பிக்கும். யாராவது ஒருத்தர் போனில் சராசரியை எடுத்துக் காட்டுவார். அதோடு முடியுமா? முடியாது. ஏன்னா அந்த ரெண்டு பேரும் ஆடிய காலம் வேற, கிடைத்த வாய்ப்பு வேற.

லேபில் என்ன செய்றோம்? ஒரு விஷயத்தோட விளைவைப் பார்க்கணும்னா, மற்றதையெல்லாம் மாறாமல் பிடித்து வைக்கிறோம். கிரிக்கெட்டில் அப்படி ஒரு ஜோடி கிடைப்பது கஷ்டம். ஆனால் நம்ம தமிழ்நாட்டு வீரர் ஒருத்தருக்கு அப்படி ஒரு ஜோடி இருக்கு. தினேஷ் கார்த்திக்கும் குஜராத்தின் பார்த்திவ் படேலும். இவங்க ரெண்டு பேரை வைத்து, ஒப்பீடு எப்படிச் செய்யணும்னு படிப்படியா பார்ப்போம்.

படி 1: ஜோடி சரியான ஜோடிதானா?

பேஸ்பாலில் பில் ஜேம்ஸ் என்பவர் 1980களில் ஒரு முறை கொண்டு வந்தார். ரெண்டு வீரர்களுக்கு 1000 புள்ளியில் ஆரம்பித்து, அவங்க கணக்கில் உள்ள ஒவ்வொரு வித்தியாசத்துக்கும் புள்ளியைக் குறைத்துக்கிட்டே வரணும். கடைசியில் எவ்வளவு மிஞ்சுதோ, அவ்வளவு ஒற்றுமை.

நாம புள்ளி போட வேண்டாம். பட்டியல் மட்டும் போடுவோம்.

ரெண்டு பேரும் விக்கெட் கீப்பர்கள். ரெண்டு பேரும் 1985இல் பிறந்தவர்கள். பார்த்திவ் மார்ச், கார்த்திக் ஜூன். ரெண்டு பேரும் இருபது வயதுக்குள் டெஸ்ட் ஆடிவிட்டார்கள். பார்த்திவ் 2002இல் நாட்டிங்ஹாமில் அறிமுகமானபோது அவருக்கு வயது 17 ஆண்டு 152 நாள். டெஸ்ட் வரலாற்றிலேயே மிக இளைய கீப்பர். கார்த்திக் 2004 நவம்பரில் மும்பையில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக வந்தார். வந்தது யாருடைய இடத்துக்கு? பார்த்திவ் இடத்துக்கு. 2008இல் இலங்கைத் தொடரில் இது அப்படியே திரும்பியது. முதல் ரெண்டு டெஸ்டில் கார்த்திக் கீப்பர், மூன்றாவதில் பார்த்திவ்.

பார்த்திவ் 25 டெஸ்ட், கார்த்திக் 26 டெஸ்ட். ரெண்டு பேருக்கும் கடைசி டெஸ்ட் 2018இல். ஜோடி பொருந்துது.

படி 2: சராசரியை அப்படியே நம்பலாமா?

பார்த்திவ்: 934 ரன், சராசரி 31.13. கார்த்திக்: 1025 ரன், சராசரி 25.00. பார்த்திவ்தான் ரொம்ப மேல என்று தோணும்.

போடி ஏலத்துக்கு வருகிற ஏலக்காயை யோசிங்க. சல்லடையில் 7 மில்லிமீட்டர், 8 மில்லிமீட்டர் என்று பிரிப்பார்கள். ஆனால் சைஸோடு விடுவதில்லை. லிட்டருக்கு எத்தனை கிராம் நிற்குதுன்னும் பார்ப்பார்கள். ஒரே சைஸ் காயில் உள்ளே விதை நிறைந்ததும் இருக்கும், பொக்கும் இருக்கும். சராசரியும் ஒரு சல்லடைதான். ரெண்டாவது ஒரு அளவும் வேணும்.

சராசரி எப்படி வருது? மொத்த ரன்னை, அவுட் ஆன தடவையால் வகுக்கிறோம். பார்த்திவ் ஆடிய 38 இன்னிங்ஸில் 8 தடவை நாட் அவுட். அதனால் வகுப்பது 30ஆல். கார்த்திக் 42 இன்னிங்ஸில் ஒரே ஒரு தடவைதான் நாட் அவுட். வகுப்பது 41ஆல்.

இப்ப இன்னிங்ஸ் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்க. பார்த்திவ் 934 ÷ 38 = 24.6. கார்த்திக் 1025 ÷ 42 = 24.4. ஆறு ரன் வித்தியாசம் காணாமல் போயிடுச்சு!

அப்ப நாட் அவுட்டுக்கு மதிப்பே இல்லையா? அப்படியும் இல்லை. நாட்டிங்ஹாமில் கடைசி நாள், அந்தப் பதினேழு வயசுப் பையன் எடுத்தது 19 ரன்தான். ஆனால் அவுட் ஆகாமல் நின்றதால் இந்தியா டிரா செய்தது. இன்னிங்ஸ் கணக்கில் அது வெறும் 19. சராசரியில்தான் அதுக்கு மரியாதை. கார்த்திக் பக்கம் நாட் அவுட் குறைந்ததற்கும் காரணம் உண்டு. 2007இல் அவரை ஓப்பனராக அனுப்பினார்கள். ஓப்பனர் நாட் அவுட்டாக நிற்பது அபூர்வம். அந்த வருஷம் இங்கிலாந்துத் தொடரில் இந்தியாவுக்கு அதிக ரன் எடுத்தவர் அவர்தான், 263 ரன். சச்சின், டிராவிட், கங்குலி மூவரும் இருந்த அணியில். இந்தியா அந்தத் தொடரை 1-0 என்று வென்றது.

எந்த அளவுகோல் சரி என்பதை நீங்க கேட்கிற கேள்விதான் முடிவு செய்யும்.

படி 3: வாய்ப்பையும் ஒரு காலமாகப் போடுங்க

எங்க சிலமலைப் பக்கம் டென்னிஸ் பால் மேட்ச் ஆடினால், கீப்பிங் யாருக்கும் வேண்டாத வேலை. கடைசியா வந்தவன் தலையில் கட்டுவோம். இந்திய அணியில் கதையே வேற. பேட்ஸ்மேனுக்கு ஆறு இடம் இருக்கும், கீப்பருக்கு ஒண்ணே ஒண்ணு.

அந்த ஒரு இடத்துக்கு 2005 டிசம்பரில் தோனி வந்தார். அதுவும் சேப்பாக்கத்தில், கார்த்திக்கின் சொந்த மைதானத்தில். 2014 டிசம்பரில் ஓய்வு பெறும் வரை 90 டெஸ்ட் ஆடினார்.

பார்த்திவ் 2008 ஆகஸ்டில் வெளியே போனார். திரும்ப வந்தது 2016 நவம்பரில், மொஹாலியில். நடுவில் இந்தியா ஆடிய 83 டெஸ்டில் அவர் இல்லை. கார்த்திக் 2010 ஜனவரியில் வெளியே போனார். திரும்ப வந்தது 2018 ஜூனில், பெங்களூரில். 87 டெஸ்ட் போயிருந்தது. அன்றைக்கு அது இந்தியச் சாதனை. அவர் முந்தியது பார்த்திவின் 83ஐ! ரெண்டு பேரும் எட்டு வருஷம் கழித்து உள்ளே வந்ததுக்கும் காரணம் ஒண்ணுதான்: சாஹாவுக்குக் காயம்.

ஸ்டாட்ஸ் பக்கத்தில் இந்த எட்டு வருஷத்துக்குத் தனியா ஒரு காலம் கிடையாது. ஆனால் இருபத்து மூன்று, இருபத்து நாலு வயசில் ஆரம்பித்து முப்பது தாண்டும் வரை, ஒரு பேட்ஸ்மேனின் நல்ல வருஷங்கள் எல்லாம் அதுக்குள்ளேதான் இருக்கு. 24.6, 24.4 என்பது ரெண்டு பேரின் திறமையோட முழு அளவு இல்லை. பெரும்பாலும் பையன்களாக ஆடியபோது எடுத்த அளவு.

படி 4: எங்கே பிரிகிறார்கள்?

ஒற்றுமையைக் கண்டுபிடிப்பது பாதி வேலை. இவ்வளவு விஷயம் ஒரே மாதிரி இருக்கும்போது மிச்சம் இருக்கிற வித்தியாசம்தான் நிஜமாகவே அந்த ஆளுடையது.

பார்த்திவ் உள்நாட்டு கிரிக்கெட்டில் வேர் பிடித்தார். 2017 ஜனவரியில் இந்தூரில் ரஞ்சி இறுதிப் போட்டி, எதிரணி மும்பை, இலக்கு 312. கேப்டன் பார்த்திவ் 143 அடித்தார். குஜராத்துக்கு அது முதல் ரஞ்சிக் கோப்பை.

கார்த்திக் வேற கதவைத் தட்டினார்: கடைசி சில ஓவர். 2018 மார்ச்சில் கொழும்பில் நிதாஹாஸ் கோப்பை இறுதிப் போட்டி. அவர் இறங்கும்போது 12 பந்தில் 34 ரன் வேணும். 8 பந்தில் 29 அடித்து, கடைசிப் பந்தை சிக்ஸருக்கு அனுப்பினார். 2022 டி20 உலகக் கோப்பைக்கு 37 வயதில் போனார். சர்வதேச டி20இல் அவருக்கு 60 போட்டி, பார்த்திவுக்கு 2. டெஸ்ட் கணக்கில் இரட்டையர் மாதிரி இருந்தவர்கள் இங்கே ஆளுக்கொரு திசையில் நிற்கிறார்கள்.

நமக்கு இதில் என்ன?

பிளேஸ்மென்ட் சீசன் வந்தாச்சு. ரூம்மேட்டோட சிஜிபிஏ, அவன் பேக்கேஜ், நம்ம பேக்கேஜ் என்று நாமும் இதே வேலையைத்தான் ராத்திரி பகலா செய்துக்கிட்டு இருக்கோம். ஒப்பிட வேண்டாம்னு சொன்னால் யாரும் கேட்கப் போறதில்லை. ஒப்பிடுங்க, ஆனால் முழுசா ஒப்பிடுங்க. எத்தனை இன்டர்வியூவுக்கு உள்ளே விட்டார்கள், நம்ம பிராஞ்சுக்கு எத்தனை கம்பெனி வந்தது, அந்த ஒரு இடத்தில் ஏற்கெனவே யார் உட்கார்ந்திருந்தார் என்ற காலங்களையும் சேர்த்துப் போடுங்க. அதுக்கு அப்புறமும் மிஞ்சுகிற வித்தியாசத்தைப் பற்றி மட்டும் யோசித்தால் போதும்.

ஒரு வீட்டுப்பாடம்: ராஜிந்தர் கோயல், பத்மாகர் ஷிவால்கர். ரெண்டு பேரும் இடதுகை சுழற்பந்து வீச்சாளர்கள். ரெண்டு பேரும் பிஷன் சிங் பேடி காலத்தில் ஆடியவர்கள். கோயல் ரஞ்சியில் மட்டும் 637 விக்கெட் எடுத்தார். ஷிவால்கர் முதல்தரப் போட்டிகளில் 589. ஆனால் இந்தியாவுக்காக ஒரு டெஸ்ட்கூட இருவரும் ஆடவில்லை. மேலே சொன்ன நாலு படியையும் இவர்களுக்குப் போட்டுப் பாருங்க. மூணாவது படியில் ரொம்ப நேரம் நிற்பீங்க.