அந்த டப்பாவையும் டாக்டரிடம் எடுத்துப் போங்கள்

அன்புள்ள தங்கைக்கு,

காலையில் ஏடிஎச்டிக்காக மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை, கூடவே ஜிம் தோழி வாங்கிக் கொடுத்த ஃபேட் பர்னர் கேப்ஸ்யூல். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். கேப்ஸ்யூலை இன்றே நிறுத்திவிடுங்கள். டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையில் மட்டும் நீங்களாகக் கை வைக்காதீர்கள். தை மாதம் கல்யாணம், அதற்குள் எட்டு கிலோ குறைய வேண்டும் என்று தவித்துக்கொண்டிருப்பவரிடம் இதை மட்டும் சொல்லி முடித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மருந்துச் சீட்டே கேட்காமல் விற்கிறார்கள், அப்படியென்றால் லேசான சரக்காகத்தானே இருக்கும் என்று எழுதியிருந்தீர்கள். வேலைக்காலம் முழுவதும் மருந்துக்கடையில் நின்றவள் நான். இந்த நம்பிக்கையை எத்தனையோ பேரிடம் பார்த்திருக்கிறேன். மெத்தில்ஃபெனிடேட் நம் நாட்டில் ஷெட்யூல் எக்ஸ் பட்டியலில் இருக்கிறது. டாக்டர் சீட்டை இரண்டு பிரதியாக எழுத வேண்டும். அதில் ஒன்றைக் கடைக்காரர் இரண்டு வருடம் பத்திரப்படுத்தி வைக்க வேண்டும். அந்த மாத்திரைக்காக நீங்கள் நாலு கடை ஏறி இறங்க வேண்டியிருப்பது இதனால்தான். கேப்ஸ்யூல் டப்பாவில் இருப்பதோ 14 இலக்க எஃப்எஸ்எஸ்ஏஐ எண். உணவுப் பொருள் தயாரிக்கவும் விற்கவும் கொடுக்கிற உரிமம் அது. இதைச் சாப்பிட்டால் எடை குறையும் என்றோ, இன்ன மருந்தோடு சேர்ந்தால் ஆபத்தில்லை என்றோ யாரும் சோதித்துப் பார்த்துவிட்டு அந்த எண்ணைக் கொடுக்கவில்லை. சட்டத்தின் கணக்கில் அது மருந்தே இல்லை, அதனால் சீட்டும் கேட்பதில்லை.

டப்பாவில் அச்சிட்டிருந்ததை எழுதி அனுப்பியது நல்லதாகப் போயிற்று. அன்ஹைட்ரஸ் கஃபீன், குவாரனா, கிரீன் டீ சாரம், கசப்பு ஆரஞ்சுச் சாரம், யோஹிம்பின். இதில் முதல் மூன்றிலுமே கஃபீன் இருக்கிறது. கசப்பு ஆரஞ்சில் சினெஃப்ரின் உண்டு. அது எஃபெட்ரினுக்கு நெருங்கிய உறவு. யோஹிம்பின் ஓர் ஆப்பிரிக்க மரத்தின் பட்டையில் இருப்பது. நரம்பு முனையில் நார்அட்ரினலின் சுரப்பை மட்டுப்படுத்துகிற இடத்தை அது மறித்துவிடும், சுரப்பு கூடும். உங்கள் மாத்திரை என்ன செய்கிறது? சுரந்த டோபமினையும் நார்அட்ரினலினையும் நரம்பு செல்கள் திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கிறது. உங்களுக்குக் கவனம் நிலைப்பது அதனால்தான். இதயத்தை வேகமாக அடிக்கவைப்பதும், ரத்தக் குழாயைச் சுருக்குவதும், பசியை அடக்குவதும் அதே நார்அட்ரினலின்தான். இரண்டையும் சேர்த்துச் சாப்பிடுவது, மாடித் தொட்டியின் வடிகாலை அடைத்துவிட்டு மோட்டாரையும் ஓடவிடுவதைப் போன்றது.

மெத்தில்ஃபெனிடேட் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கே ரத்த அழுத்தம் சராசரியாக 2 முதல் 4 புள்ளி வரை கூடும், நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 3 முதல் 6 வரை கூடும். டாக்டர் அதைத் தெரிந்துகொண்டு, உங்கள் உடம்பு தாங்கும் என்று பார்த்துத்தான் டோஸ் எழுதியிருக்கிறார். அவருடைய கணக்கில் கேப்ஸ்யூல் இல்லை. ஆரோக்கியமான பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 400 மி.கி. வரை கஃபீன் போகலாம் என்கிறது அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம். ஃபேட் பர்னர்கள் பலவற்றில் ஒரு வேளைக்கே 200 மி.கி. இருக்கிறது. ஆபீஸ் காபி தனி. உங்கள் டப்பாவில் 'ப்ரொப்ரைட்டரி ப்ளெண்ட்' என்று போட்டு மொத்த எடையை மட்டும் கொடுத்திருப்பதால், எது எவ்வளவு என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது.

ஏடிஎச்டி மருந்துக்கும் எடைக்குறைப்பு மாத்திரைக்கும் உள்ள சொந்தம் பழையது. அமெரிக்காவில் ஒபெட்ரால் என்றொரு ஆம்ஃபெடமின் கலவையை ஒரு காலத்தில் உடல் மெலியவே விற்றார்கள். சில மாற்றங்களுக்குப் பிறகு அதுதான் 1996-இல் ஆடரால் என்ற பெயரில் ஏடிஎச்டிக்கு அங்கீகாரம் வாங்கியது. அதே குடும்பத்து லிஸ்டெக்ஸ்ஆம்ஃபெடமினை 2015-இல் கட்டுப்பாடில்லாமல் அள்ளிச் சாப்பிடும் நோய்க்கும் அனுமதித்தார்கள். ஆனால் எடை குறைக்க இதைப் பயன்படுத்தக் கூடாது, இந்த வகைத் தூண்டல் மருந்துகளை எடைக்காகப் பயன்படுத்தியதில் இதயத்துக்குக் கடுமையான பாதிப்புகள் வந்திருக்கின்றன என்று அதன் விவரச்சீட்டிலேயே எழுதியிருக்கிறது. மருந்துச் சீட்டோடு வருகிற ஒன்றுக்கே இப்படி. சீட்டில்லாமல் விற்றவை செய்தது இன்னும் மோசம். ஃபெனைல்புரொப்பனோலமின் கலந்த பசியடக்கி மாத்திரைகள் அங்கே சாதாரணக் கடைகளில் கிடைத்தன. இளம் பெண்களுக்கு மூளையில் ரத்தக்கசிவு வருகிற அபாயத்தை அவை கூட்டுகின்றன என்று யேல் பல்கலைக்கழக ஆய்வில் தெரியவந்ததும், 2000-இல் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். அடுத்து எஃபெட்ரா. செடியிலிருந்து எடுத்தது, இயற்கையானது என்றுதான் அதையும் விற்றார்கள். 2003 பிப்ரவரியில் ஸ்டீவ் பெக்லர் என்ற 23 வயது பேஸ்பால் வீரர் பயிற்சியின்போது வெப்பத் தாக்குதலில் இறந்தார். எடை குறைக்க அவர் எஃபெட்ரா எடுத்துவந்தது தெரிந்தது. 2004-இல் தடை வந்தது. எஃபெட்ரா போன இடத்தில் வந்து உட்கார்ந்ததுதான் உங்கள் டப்பாவில் இருக்கும் கசப்பு ஆரஞ்சு.

டப்பாவில் எழுதாதது உள்ளே இருக்கலாம் என்பதுதான் எனக்குப் பெரிய பயம். சிபுட்ரமின் என்ற எடைக்குறைப்பு மருந்து மாரடைப்பையும் பக்கவாதத்தையும் கூட்டுகிறது என்று தெரிந்து 2010-இல் அமெரிக்கச் சந்தையிலிருந்து போனது, 2011-இல் இந்தியாவிலும் தடை செய்தார்கள். ஆனால் அது ஒழியவில்லை. மறைத்து மருந்து கலந்திருப்பதாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007 முதல் 2016 வரை கண்டுபிடித்த 776 துணை உணவுப் பொருள்களை ஒரு குழு 2018-இல் ஆராய்ந்தது. அவற்றில் நூற்றுக்கு நாற்பது எடைக்குறைப்புக்கானவை. அந்த நாற்பதிலும் பெரும்பாலானவற்றில் இருந்தது சிபுட்ரமின். அதுவும் நார்அட்ரினலின் திரும்ப உறிஞ்சப்படுவதைத் தடுக்கிற மருந்துதான், அதாவது உங்கள் மாத்திரை செய்கிற அதே வேலை. இன்ஸ்டாகிராமில் பார்த்து கூரியரில் வரவழைக்கிற கேப்ஸ்யூல் வழக்கத்துக்கு மீறி வேகமாகப் பசியை அடக்கினால், அதைக் கண்டு சந்தோஷப்படாதீர்கள்.

கேப்ஸ்யூல் வேண்டாமென்றால் ஸ்லிம்மிங் டீ குடிக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். அவற்றில் பலவற்றில் நிலவாகை இலை இருக்கும், சென்னா என்று போட்டிருப்பார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து உலகம் முழுவதும் போகிற சரக்கு அது. மலச்சிக்கலுக்கு இரண்டொரு நாள் எடுத்தால் நல்ல மருந்து. தினமும் குடித்தால் வயிற்றால் போய், உடம்பில் நீரும் பொட்டாசியமும் குறையும். தராசில் குறைந்து தெரிவது நீர்தான், கொழுப்பு இருந்த இடத்திலேயே இருக்கும். பொட்டாசியம் குறைந்த உடம்பில் தூண்டல் மருந்தும் ஓடினால் இதயத் துடிப்பின் தாளம் தவறலாம்.

கேப்ஸ்யூலால் இன்னொரு நஷ்டமும் இருக்கிறது. கேப்ஸ்யூலைப் பற்றித் தெரியாத டாக்டரிடம் படபடப்பு, தூக்கமின்மை, கூடிய ரத்த அழுத்தத்தோடு போய் உட்கார்ந்தால், அவர் மெத்தில்ஃபெனிடேட்டைத்தான் சந்தேகப்படுவார். டோஸைக் குறைப்பார், அல்லது நிறுத்திவிடுவார். பள்ளிக்கூட நாளிலிருந்து சோம்பேறி, மறதிக்காரி என்று பேர் வாங்கியவர் நீங்கள். இந்த மாத்திரை வந்த பிறகுதான் ஒரு வேலையை ஆரம்பித்து முடிக்க முடிகிறது என்று எழுதியிருந்தீர்கள். அதை ஒரு டப்பாவுக்காக இழக்காதீர்கள்.

எடை விஷயத்துக்கு வருகிறேன். பகலில் பசியே இல்லை, ராத்திரி எட்டு மணிக்கு மேல் பரோட்டாவும் பிரியாணியும் ஆர்டர் செய்து அடக்க முடியாமல் சாப்பிடுகிறேன், எனக்கு மனக்கட்டுப்பாடே இல்லை என்று உங்களையே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. மாத்திரையின் வேகம் இறங்கும்போது, பகல் முழுவதும் அடங்கியிருந்த பசி மொத்தமாக எழும். மருந்தின் நேரக்கணக்குதான் அது, உங்கள் குணத்தில் கோளாறு இல்லை. ஏடிஎச்டி உள்ள பெரியவர்களிடம் உடற்பருமன் மற்றவர்களைவிட அதிகம் என்று 2016-இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வே சொல்லியிருக்கிறது. ஆகவே இது டாக்டரிடம் பேச வேண்டிய விஷயம், பேசினால் வழியும் உண்டு. மாத்திரை போடுவதற்கு முன்பே வயிறு நிறைய காலை டிபன் சாப்பிடுங்கள். மதியம் பசிக்காவிட்டாலும் கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடுங்கள். சாயங்காலம் மருந்து இறங்குவதற்கு முன்னால் சுண்டலோ முட்டையோ உள்ளே போய்விட்டால் எட்டு மணிப் பசிக்கு அந்த வெறி இருக்காது. இதற்குப் பிறகும் எடை ஏறினால் தைராய்டையும் பிசிஓஎஸ்ஸையும் பார்க்கச் சொல்லுங்கள். மருந்தே தேவைப்பட்டால், குடலில் கொழுப்பை உறிஞ்சவிடாமல் செய்கிற ஆர்லிஸ்டாட் மாதிரி இதயத்தைத் தூண்டாத வகைகள் இருக்கின்றன. அதையும் டாக்டர்தான் எழுத வேண்டும்.

நெஞ்சுவலி, மயக்கம், உட்கார்ந்திருக்கும்போதே நிற்காத படபடப்பு, இதுவரை வராத கடுமையான தலைவலி, ஒரு பக்கம் கை கால் தளர்வது, இவற்றில் எது வந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். வந்தவர்களிடம் இரண்டு மருந்தின் பெயரையும் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிடுவது அம்மாவுக்குக்கூடத் தெரியாது என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் தயக்கம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும், உங்கள் தங்கையிடமாவது சொல்லி வையுங்கள்.

டாக்டரைப் பார்க்க இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்றீர்கள். அதுவரை காத்திருக்காமல் நாளைக்கே போன் செய்து, இத்தனை நாள் இந்தக் கேப்ஸ்யூல் சாப்பிட்டேன் என்று சொல்லிவிடுங்கள். பக்கத்துக் கிளினிக்கில் ரத்த அழுத்தத்தையும் நாடியையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். டப்பாவைக் குப்பையில் போட வேண்டாம், அவரிடம் காட்ட அது வேண்டும். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா